சேர்வராயன் மலையில் கூடாரப் பயணம்

தமிழகத்தில் மணல் பரந்த பாலைவனம் இல்லை. ஆயினும், பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது பாலையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். மழை பொய்த்து வெயில் முதிருங்காலத்தில் மலைச்சாரலும் காடும் தம் வளம் குன்றி நிற்கும். அந்நிலையே பாலை என்பது அவர்தம் கொள்கை. இதன் உண்மையைக் கண்ணாற் காண விரும்புவோர் சித்திரைத் திங்களில் சேலத்துக்கு வடக்கே சென்று சேர்வராயன் மலையைச் சுற்றி வருதல் வேண்டும். அடிவாரத்திலே பாலை, உச்சியிலே குறிஞ்சி. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே.

கிழக்குத் தொடர்ச்சி மலை ஒரே தொடராக நில்லாது ஆங்காங்கே துண்டுபட்டுக் கிடப்பது. சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லி, பச்சை என்பன அத்துண்டுகளுட் சில. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் உச்சியோ 1600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை குறைவது இயற்கை. ஆதலால், சேலத்தில் வெயில் 38 பாகையைத் தாண்டும் நாளிலும் ஏற்காட்டில் மக்கள் மாலையில் போர்வையைத் தேடுவர்.

பேருந்தில் விரைந்து ஏறி, ஏரியில் படகு செலுத்தி, அன்று மாலையே இறங்கி விடுவோர் பலர். அவர்கள் மலையின் குளிர்ச்சியை அறிவர், மலையை அறியார். மலையை அறியும் பொருட்டு ஊர்ந்து செல்லும் பயணம் ஒன்று உண்டு. பகலில் சிறிது தூரம் செல்வதும், நீரருகே கூடாரம் அடித்து இராத் தங்குவதும், மறுநாள் சுற்றுப்புறத்தை நடந்து காண்பதும் அப்பயணத்தின் இயல்பு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நிலநூல் அறிஞர்கள் இவ்வாறுதான் சேலம் மாவட்டத்தை ஆராய்ந்தனர்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851இல் நிறுவப்பெற்றது. நிலக்கரியும் உலோகங்களும் எங்குள்ளன என அறிவதே அன்றைய ஆட்சியாளரின் முதல் நோக்கம். அத்துறையில் 1858இல் சேர்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். அவரும் வில்லியம் கிங் என்பவரும் சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து 1860களில் விரிவான நூலொன்றை வெளியிட்டனர். அக்காலத்தில் ஆய்வாளர் மழைக்காலம் கழிந்த பின்னரே புறப்படுவர். மாட்டு வண்டிகளில் கூடாரமும் கலங்களும் தானியமும் ஏற்றப்படும். ஒரு கூடாரத்தில் தலைவர் தங்கியிருக்க, மற்றொன்று முன்னதாகவே அடுத்த தங்குமிடத்துக்கு அனுப்பப்படும். கையில் சுத்தியல், திசைகாட்டி, அளவைத் துறையினர் வரைந்த நிலப்படம். தோளில் கல் சேர்க்கும் பை. தங்கிய இடத்திலிருந்து நாள்தோறும் ஒவ்வொரு திசையில் நடந்து, கண்ட கல்லை உடைத்துப் பார்த்துப் படத்தில் குறித்துக்கொள்வர். கல் தன் மேற்புறத்தில் வெயிலாலும் மழையாலும் நிறம் மாறியிருக்கும். உடைத்த முகமே அதன் உண்மை முகம்.

சேலத்திலிருந்து புறப்படுவோரை முதலில் வரவேற்பது வெண்ணிறம். நகரின் வடமேற்கே, மலையடியில், தாழ்ந்த குன்றுகள் பல உள்ளன. அவற்றின் கருநிறப் பாறையின் ஊடே வெள்ளை நரம்புகள் வலைபோல் ஓடுகின்றன. ஆங்கிலேயர் இவற்றைச் சீமைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று அழைத்தனர். பொருந்தாப் பெயர்தான், அங்கே சுண்ணாம்பு இல்லை. ஆயினும், தொலைவிலிருந்து பார்த்துப் பெயரிட்டவரைக் குறை கூறுதற்கில்லை. அந்த வெள்ளைக்கல் மாக்னசைட்டு எனப்படும். மக்னீசியம் மிகுந்த கரும்பாறையின் வெடிப்புகளிற் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, பாறையோடு வினைபுரிந்து, வெள்ளைப் பொருளாக உறைந்தது. எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய செங்கல் இதிலிருந்து செய்யப்படுகிறது. மிகுந்த வெப்பத்தையும் தாங்க வல்லது. பயணம் முழுவதும் தொடர்ந்து வரும் செய்தி இங்கேயே தொடங்கிவிடுகிறது. கல்லை மாற்றுவது நீர்.

அடிவாரத்துக்கு அப்பால் சாலை மலையேறத் தொடங்குகிறது. கொண்டையூசி போல் மடங்கித் திரும்பும் வளைவுகள் இருபது. நேரே ஏறினால் செங்குத்தாகும் சரிவைக் குறுக்காக நெடுந்தொலைவு வெட்டி, பின் எதிர்த்திசையில் திருப்பி, மீண்டும் வெட்டிச் செல்வதால் வண்டி எளிதில் ஏறுகிறது. சாலை வருமுன் இம்மலைக்கு வந்தோர் ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, மட்டக்குதிரை மீதோ, ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறினர். முதல் வளைவுகளில் வழியின் இருபுறமும் முட்செடியும் கள்ளியும் இலையுதிர்த்த மரங்களுமே தோன்றும். மேலே செல்லச் செல்ல மரங்கள் நெருங்குகின்றன. பாறைமீது பாசி படர்கிறது. காற்றில் ஈரம் ஏறுகிறது. இலையைக் கொண்டே உயரத்தைக் கணிக்கலாம்.

சாலைக்காகப் பாறையை வெட்டிய இடங்களில் மலையின் உடல் தெரியும். நீலமும் கருமையும் கலந்த, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் அப்பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். இப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவர் எனக் கூறப்படும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை மீது இத்தகைய கல்லொன்று பதிக்கப்பட்டிருந்தது. அது சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பகுதிக் கல். தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூல் அறிஞர் 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். நிலத்தின் அடியில் மிக ஆழத்தில், பேரழுத்தத்திலும் கடும் வெப்பத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருப்பெற்ற பாறை இது. அத்துணை ஆழத்தில் தோன்றியது இன்று மேகத்தைத் தொட்டு நிற்கிறதெனின், அதன்மேல் மூடியிருந்த எத்தனையோ கிலோமீட்டர் தடிமனான பாறை கரைந்தும் தேய்ந்தும் நீங்கியிருத்தல் வேண்டும். அவ்வளவையும் வாரிச் சென்றவை மழையும் ஆறுமே.

அந்த வேலை இன்றும் நடைபெறுவதைக் கிளியூரில் காணலாம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் மலை விளிம்புக்கு ஓடி, ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்கு அருவியாக வீழ்கிறது. கீழே ஒடுங்கிய மலையிடுக்கு. பாறையில் இயல்பாக அமைந்த வெடிப்பு வழியே நீர் முதலில் நுழைகிறது. உருட்டிவரும் கூழாங்கற்களை அரம்போல் கொண்டு அடியை அறுக்கிறது. அடி அறுபட்டதும் பக்கங்கள் சரிகின்றன. கோடையில் அருவி நூலிழையாய் மெலிந்து, சில ஆண்டுகளில் முற்றும் மறைந்துவிடும். ஆனால், பள்ளத்தின் ஆழம் குறைவதில்லை. அடுத்த மழை விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும்.

இதனைப் பெரிய அளவில் காண விரும்புவோர் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்குச் செல்வர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் இருமருங்கும் மக்டானல் மலைத்தொடர் செந்நிறச் சுவர் போல் பல நூறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதனை ஃபிங்க் என்னும் ஆறு குறுக்கே அறுத்துச் செல்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் அவ்வாற்றில் மணலே உண்டு. ஆயினும் மலையிடுக்குகளின் நிழலில், வெயில் புகாத மடுக்களில், நீர் தங்கி நிற்கும். அப்பகுதியின் தொல்குடியினரான அரெண்டா மக்கள் அம்மடுக்களை அறிந்தே பாலையில் வாழ்ந்தனர். இன்று அங்கே வண்டிகளில் கூடாரத்தோடு செல்லும் பயணிகளும் அவற்றை நாடியே தங்குகின்றனர். பாலையாயினும் குறிஞ்சியாயினும் கூடாரத்தின் இடத்தைத் தீர்மானிப்பது நீரே.

நீரருகே தங்குதல் வேண்டும். ஆனால், நீர் வரும் வழியில் தங்குதல் கூடாது. வறண்ட ஓடையின் மணல் மெத்தைபோல் இருக்கும்; காற்றும் அடங்கியிருக்கும்; அனுபவம் இல்லாதவர் அங்கேதான் கூடாரம் அடிக்க விரும்புவர். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் மலையுச்சியில் இடியோடு கொட்டும். அடிவாரத்தில் வானம் தெளிந்திருக்கும். ஒரு துளியும் விழாது. செங்குத்தான சரிவில் நீர் நிலத்துள் இறங்க நேரமின்றி ஒருங்கு திரண்டு, கிளைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு ஓடையில் பாயும். ஓடும் நீர் திடீரெனக் கலங்குவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் முன்னறிவிப்புகள். அவற்றுக்கும் வெள்ளத்துக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கலாம். ஓடைக்கரையினும் நன்கு உயர்ந்த, பட்ட மரங்களுக்கு அப்பாற்பட்ட திடலே ஏற்ற இடம். காப்புக்காடாக உள்ள பகுதிகளில் வனத்துறையின் இசைவின்றித் தங்குதல் குற்றமுமாகும்.

நீர் மட்டுமன்றித் தீயும் அஞ்சத்தக்கது. மாசி முதல் புல் காய்ந்து நிற்கும். காட்டுத்தீ சமவெளியைவிடச் சரிவில் மிக விரைந்து மேலேறும். வெப்பக்காற்று மேல்நோக்கிச் சென்று, மேலுள்ள புல்லைத் தீ தொடுமுன்னரே உலர்த்திவிடுவதே காரணம். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் இளைஞர். சேர்வராயன் சாரலிலும் அதே காய்ந்த புல்தான் நிற்கிறது. உணவு சமைத்த அடுப்பின் சாம்பலைக் கையால் தொட்டுச் சூடு இல்லை என்று காணும்வரை நீர் தெளித்த பின்னரே அவ்விடம் விட்டு நீங்குதல் வேண்டும்.

மலையின் மேற்பரப்பு கூர்மையான சிகரங்களால் ஆயதன்று. அலையலையாய் விரிந்த மேட்டுநிலம். காப்பித் தோட்டங்களே எங்கும். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பியையும் ஆரஞ்சு, பேரி முதலிய பழமரங்களையும் கொணர்ந்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். ஆதலால் தோட்டத்துள் உயர்ந்த சில்வர் ஓக் மரங்களை நிறுத்தி, அவற்றின்மீது மிளகுக் கொடியையும் ஏற்றிவிட்டனர்.

தோட்டங்களுக்கு நெடுங்காலம் முன்னரே இங்கு வாழ்பவர் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்பது அச்சொல்லின் பொருள். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இதனை மயக்குதல் கூடாது. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் வந்தனர் என்றும், பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்றும் இவர்தம் வழிவழிக் கதை கூறும். சாமை, தினை, கேழ்வரகு இவர்களுடைய பழைய பயிர்கள்.

இவர்களுக்கும் முன்னே? அதற்கு விடை சிற்றூர்க் கோயில்களில் இருந்தது. உழும்போதும் மண் வெட்டும்போதும் கிடைத்த, வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்ட கற்களை மலைமக்கள் பிள்ளையார் முன் வைத்து வழிபட்டு வந்தனர். அவை புதிய கற்கால மனிதர் மரம் வெட்டப் பயன்படுத்திய கோடரிகள் என்பதை அறிஞர் கண்டனர். அவர்களுள் முதன்மையானவர் முன்பு கூறிய ஃபூட் ஆவார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொன்மையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டு சென்றவர் அவர். 1891இல் ஆய்வுத் துறையினின்று ஓய்வு பெற்ற பின்னர், வாழ்வின் இறுதிக் காலத்தில் ஏற்காட்டையே தம் ஊராகக் கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடாரந்தோறும் சேர்த்த தொல்பொருள்கள் 1904இல் சென்னை அரும்பொருட்காட்சி நிலையத்தை அடைந்தன. 1912இல் அவர் மறைந்தார். ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது. ஊர்வாசிக்குத் தெய்வமாகிய கல்லே அறிஞருக்கு வரலாறாயிற்று. இரு சாராரும் அதனைத் தூக்கி எறியாமல் காத்தனர் என்பது நமக்கு வாய்த்த பேறு.

மேட்டுநிலத்தின் உயர்ந்த பகுதிகளில் மண் செங்கல் நிறங்கொண்டிருக்கும். அங்கே காலின் கீழுள்ளது பாக்சைட்டு. நீலப் பாறை எவ்வாறு செம்மண்ணாயிற்று? மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நாட்டில், நீர் வழிந்தோடாது தங்கி இறங்கும் தட்டையான உச்சியில், பாறையிலுள்ள மணற்சத்தும் பிறவும் சிறிது சிறிதாகக் கரைந்து போகும். கரையாத அலுமினியமும் இரும்பும் எஞ்சும். இது நூறு, ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்வதன்று. பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். துளைகள் நிறைந்த இத்தகைய மேற்போர்வை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கீழுள்ள ஊற்றுகளுக்கு மெல்லக் கசியவிட வல்லது. மேட்டூரில் 1965இல் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு வேண்டிய பாக்சைட்டு இம்மலையிலும் கொல்லிமலையிலும் தோண்டப்பட்டது. அலுமினியமின்றி மின்கம்பியும் இல்லை, வானூர்தியும் இல்லை. ஆதலால் அதனை வீண்செயல் எனத் தள்ளுதற்கில்லை. அவ்வாலை 2008இல் உற்பத்தியை நிறுத்தியது. தோண்டிய இடத்தில் மரம் நடலாம், மரமும் வளரும். போன போர்வையை மட்டும் மனிதர் நெய்து போர்த்த இயலாது.

உச்சியில் சேர்வராயன் கோயில். கோபுரமோ மதிலோ இல்லை. தாழ்ந்த குகையே கருவறை. உள்ளே சேர்வராயனும் காவிரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். மே மாதத் திருவிழாவில் சுற்றுப்புற மலையூர் மக்கள் எல்லாம் இங்கே கூடுவர். காவிரியாறு இம்மலைக்கு மேற்கே நெடுந்தொலைவில் ஓடுகிறது. அதன் தெய்வம் இவ்வுச்சியில் இருப்பானேன் என்று கேட்கத் தோன்றும். கோயிலிலிருந்து இறங்கி மலையை வலம் வருவோர்க்கு இக்கேள்வி எளிதில் விளங்கும்.

கொட்டச்சேடு வழியே கிழக்கே குப்பனூருக்கு இறங்கும் சாலை ஒன்றுண்டு. அங்கிருந்து அரூர்ச் சாலையில் வடக்கே திரும்பினால் மஞ்சவாடிக் கணவாய். ஒருபுறம் சேர்வராயன் மலை, மறுபுறம் சித்தேரி மலைகள், நடுவே சாலை. இப்பகுதியில் பிறப்பது திருமணிமுத்தாறு. தெற்கே ஓடி, சேலம் நகரை ஊடறுத்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. கணவாயைத் தாண்டிப் பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சென்றால், மலையின் வடசரிவில் தோன்றிய வாணியாற்றை ஓர் அணை தடுத்து நிற்பதைக் காணலாம். அவ்வாறு தென்பெண்ணையோடு கூடிக் கிழக்குக் கடலைச் சேரும். பொம்மிடி, லோக்கூர் வழியே மேற்குப் புறமாகத் திரும்பி வந்தால், இருப்புப்பாதை மலையடிக் காட்டினூடே செல்கிறது. அதற்கப்பால் சரபங்க நதி ஓமலூர் வழியே காவிரியை நாடிச் செல்கிறது. உச்சியில் விழும் மழை இவ்வாறு பிரிந்து இறங்குகிறது. அதிற் பெரும்பகுதி காவிரிக்கே போகிறது. குகையில் காவிரியம்மனை வைத்தவர்கள் நிலப்படம் பாராதவர்கள். நீரின் வழியை அறியாதவர்கள் அல்லர்.

வலம் முடிந்து வண்டி மீண்டும் சேலத்தை அடைகிறது. நகரின் நடுவே பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடுவது அதே திருமணிமுத்தாறு. மலையடியில் கூடாரவாசிகள் மொண்டு அருந்தத்தக்க நீர், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கடப்பதற்குள் சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து கருநிறம் கொண்டுவிடுகிறது. பாலத்தின் மீது செல்வோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகின்றனர். வடக்கே, கூரைகளுக்கு மேலே, சேர்வராயன் உச்சியில் மேகம் திரண்டுகொண்டிருக்கிறது.